கொக்கி பட்ட இடம்

உப்பளத்தில் வேலை பார்க்கிறவன்
ஒரு கேட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான்.
கீழ்ப்பாதிக் கம்பிகளில்
அப்பளம்போல் பொரிந்திருந்தது துரு.
தட்டினால் உதிரும்.
தட்டாமலும் உதிரும்.

'மூணு தடவை பெயின்ட் அடிச்சாச்சு'
என்றான் ஆல்பின் கரிசெப்,
மூன்றுக்கும் நான்தான் பொறுப்பு என்பதுபோல.

வால்விஸ் பே.
ஒரு பக்கம் கடல், மற்றதெல்லாம் பாலை.
மழை என்பது பேச்சளவில்.
ஆனால் விடிகாலையில் மூடுபனி வந்து
ஊரின் எல்லா இரும்பையும்
ஒருமுறை நக்கிப் பார்த்துவிட்டுப் போகும்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பதில்
இரும்பை மிஞ்ச ஆளில்லை.
உள்ளே, இன்னும் உள்ளே,
உள்ள அளவும்.

முதலில் உரிக்க வேண்டும்.
ஷிகோங்கோ தலைக்கவசம் மாட்டிக்கொண்டு அறைக்குள் போனான்.
குளிர்காலத்தில் கிழக்குக் காற்று
இந்த ஊர்க் கார்களுக்கு ஓசியில் செய்வதை
அவன் மணிக்கூலிக்குச் செய்கிறான்.
பச்சை போயிற்று.
அடியில் வெள்ளை.
அதற்கும் அடியில்
யாருக்கும் நினைவில்லாத ஒரு காவி.
கடைசியில் இரும்பு,
அப்போதுதான் மொட்டையடித்த தலைபோல.

இனி அவசரம்.
வெற்று இரும்பை
இந்த ஊரில் இரவு தங்கவைக்கக் கூடாது.

என்ன நிறம் என்று கேட்டு
அட்டையை நீட்டினேன். இருநூறு சதுரம்.
பார்க்கவேயில்லை அவன்.
'காயல்ல நிக்குமே, அந்தப் பறவை.'
பூநாரைக்கும் ஓர் எண் இருக்கிறது.
பெட்டியில் பாதி மிச்சமும் இருந்தது.
'வீட்டுல தெரியுமா?'
'தெரியும்போது தெரியட்டும்.'

எதையும் தொங்கவிட்டுத்தான் பூச முடியும்.
கொக்கி தொடும் இடத்தில் பொடி ஏறாது.
அங்கேதான் இரும்பு மண்ணோடு பேசுகிறது;
அந்தப் பேச்சு அறுந்தால்
பொடிக்கு ஒட்ட மனம் வராது.
பிடித்த இடம் மட்டும் வெறுமையாய் நிற்கும்,
ஒரு மிளகளவு.

'பின்பக்கமா மாட்டுங்க, யாருக்கும் தெரியாது.'

'துருவுக்குத் தெரியும்.'

துப்பாக்கி என்று பெயர்,
சத்தம் பெருமூச்சளவு.
மேகமாய்ப் புறப்பட்ட பொடி
கம்பியைத் தாண்டிப் போகிற வழியில் மனம் மாறி
முதுகுப் பக்கமாய்ச் சுற்றிவந்து ஒட்டிக்கொள்கிறது.
இரு கம்பி கூடும் முடுக்குக்குள் மட்டும் போகாது.
விசையைக் குறைத்து
சாய்ந்து நின்று
கெஞ்ச வேண்டும்.

சுடாத பொடியை நம்பாதே.
நிறம் வந்திருக்கும்,
எல்லாம் முடிந்துவிட்ட தோற்றம் இருக்கும்.
ஒரு தும்மல் போதும்.

ஆல்பின் தும்மினான்.

உள்ளங்கை அகலத்துக்கு இரும்பு எட்டிப் பார்த்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி பூசினேன்.
அவனே வெளியே போய் நின்றுகொண்டான்,
கைகள் இரண்டும் சட்டைப்பையில்,
மூக்கையும் விட முடியாதே என்கிற முகத்தோடு.

அடுப்பில் இருநூறு டிகிரி.
பத்து நிமிடம் என்பது
இரும்பு முழுக்கச் சூடேறிய பிறகு வரும் பத்து நிமிடம்.
கண்ணாடித் துளை வழியே பார்க்கிறேன்:
தூள் நனைகிறது, நீரில்லாமல்.
ஓடிக் கலக்கிறது.
பிறகு ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டு
இனி உருகமாட்டேன் என்கிறது.
இன்னொரு முறை சுட்டுப் பார்த்தாலும்
அதே பதில்தான்.

ஆறியபின், கொக்கி பட்ட இடத்தில்
சின்னத் தூரிகையால் சாயம் தொட்டு வைத்தேன்.
'இது மத்த இடம் மாதிரி இல்ல.
வருஷம் ஒரு தடவை இங்க பாரு.'

பதினான்கு மாதம் கழித்து வந்தான்,
தோளில் ஒரு சிறு மூட்டை.

'வந்துடுச்சு' என்றான்
பரீட்சை முடிவு சொல்கிறவன்போல.
'நீங்க சொன்ன அதே இடம். கடுகளவு.
வேற எங்கயும் இல்ல.'
அவன் மனைவி
அந்த நிறத்தை இன்னும் மன்னிக்கவில்லையாம்.

மூட்டையில் உப்பு. பரிசு.
எங்கே வைப்பதென்று எல்லோரும் சுற்றிப் பார்த்தோம்.
அலமாரி இரும்பு.
மேசை இரும்பு.
தரையெங்கும் நாளைக்குப் பூச வேண்டிய கம்பிகள்.

ஷிகோங்கோ அதை வாங்கித்
தன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு
நின்றுகொண்டே
மதியச் சாப்பாட்டைப் பிரித்தான்.